சரளைக்குக் கீழே ஒரு நடை

விடிய ஐந்து மணி. நவம்பர் மாதம். சுவிஸில், ஊஸ்டர் ஊரில், ஓடைக்கரையோடு பழைய நூல் ஆலைக்குப் போகிற வீதி... பகலிலேயே ஆள் நடமாட்டம் குறைவு. அன்றைக்குப் பனிப்புகார் வேறு. கையை நீட்டினால் விரல் தெரியாது. ஓடைத் தண்ணீரின் சத்தம், அழுகிய இலையின் மணம், வேறொன்றும் இல்லை. அந்த வீதியால் ஒருவன் சைக்கிளை உதைத்துக்கொண்டு போகிறான். மேலே குளிர்ச்சட்டை. கீழே படுக்கையில் கட்டியிருந்த சாரம். சுவிஸ் வீதியில் ஒருவன் சாரத்தோடு இறங்கிவிட்டான் என்றால், அந்த வீட்டில் ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இதை நான் முதலில் சொன்னது ஒரு பிறந்தநாள் விழா முடிந்த இரவில். மண்டபத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டி, விடிந்ததும் திறப்பைக் கொடுக்க வேண்டும். அண்டா கழுவிக் கை விறைத்துப்போய், எல்லோரும் ஹீட்டருக்குப் பக்கத்தில் கதிரைகளை இழுத்துப் போட்டுக் குவிந்திருந்தோம்.

"சுலோஜனா அக்கா, பேய்க்கதை ஒண்டு சொல்லுங்கோவன்" என்று கேட்டது கஜலக்சுமி. கேட்டுவிட்டு முதலில் காலைத் தூக்கிக் கதிரைக்கு மேல் வைத்ததும் அவள்தான்.

அங்கே சொன்னபடியே இங்கேயும் சொல்கிறேன். ஒன்று மட்டும். கேட்டுவிட்டு ஞானேஸ்வரி அக்காவிடம் போய் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஞானேஸ்வரி அக்கா என்னோடு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்கிறவர். இரண்டு பெடியன்கள். சைக்கிளில் போனவன் மூத்தவன், நிதுஷன். நிலத்துக்குள்ளே என்ன கிடக்கிறது என்று தோண்டாமலே கண்டுபிடிக்கிற படிப்புப் படித்தவன். சின்னவன் பிரவீனன். அவனுக்கு நாலு சுவருக்குள் இருப்புக் கொள்ளாது. படிப்பை விட்டான், கடை வேலையை விட்டான். கடைசியில் தமையன்தான் தான் வேலை செய்கிற கம்பனியிலேயே சேர்த்துவிட்டான். மூத்தவனுக்கு நூல் ஆலைக் கட்டிடத்தில் கணினி வேலை. சின்னவனுக்கு வட சிலியில், பாலைவனத்தில்.

"பாலைவனமெண்டா மணல்தானே அக்கா?" என்று கோபிசன் இடையில் புகுந்தான். அவனுக்கு எதிலும் ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

மணல் இல்லை. சரளைக்கல். கண் எட்டிய தூரத்துக்குச் சரளை. மேலே வெயிலில் காய்ந்து, தட்டினால் ஓடு மாதிரிக் கேட்கும். ஒரு காலத்தில் அங்கே மலையும் பள்ளத்தாக்குமாக இருந்ததாம். ஆறு ஓடியதாம். காலம் காலமாகச் சரளை வந்து கொட்டி, அந்த மலையையே மூடிவிட்டது. செம்பும் தங்கமும் அந்தப் பழைய மலைக்குள்தான் இருக்கிறது. எங்கே துளைப்பது? மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே வெளி. அதனால் காது வைக்கிறார்கள்.

நிதுஷன் காது என்றுதான் சொல்வான். கைக்கு அடக்கமான ஒரு கருவி. அதைச் சரளையில் பாதி புதைத்து, வரிசை வரிசையாக வைப்பார்கள். கடலலையின் அதிர்வு, தூரத்து லொறியின் அதிர்வு, எல்லாவற்றையும் அது கேட்டு ஊஸ்டருக்கு அனுப்பும். ஒரே சத்தம் ஒவ்வொரு காதுக்கும் கொஞ்சம் முன்பின்னாகப் போய்ச் சேருமல்லவா? அதைக் கணக்குப் போட்டுச் சத்தம் எங்கேயிருந்து வந்தது, எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று கணினி சொல்லும். இடத்தை உடனே சொல்லிவிடும். ஆழத்துக்குத்தான் நேரம் எடுக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதின் தலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. தூசி மூடினால் தேடி எடுப்பதற்கு. ஊஸ்டரில் இருந்தே அதைப் போடலாம், நூர்க்கலாம்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் எவனும் ஒரு காதைக் கடந்து போனால், பக்கத்தில் நின்று மூன்று தரம் காலால் மிதிக்க வேண்டும். காது உயிரோடு இருக்கிறது என்று ஊஸ்டர்க் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருப்பவர்கள் அறிவதற்காக. எல்லோரும் மிதிப்பார்கள். பிரவீனன் மட்டும் குந்தியிருந்து கையால் தட்டுவான். சின்ன வயதில் சனிக்கிழமை வகுப்பில் மிருதங்கம் பழகி, அரங்கேற்றத்துக்குக் கிட்டப் போய்விட்டு அதையும் விட்டவன். தகதிமி... தா. அதுதான் அவனுடைய தட்டு. இங்கே தமையன் கேட்டுச் சிரிப்பான். ஞானேஸ்வரி அக்கா தினமும் வேலைக்கு வந்ததும் மூத்தவனுக்கு ஒரு போன் போடுவார். கேள்வி ஒன்றுதான்.

"சின்னவன் தட்டினவனோ?"

தட்டினான் என்றால் அன்றைக்குப் பிள்ளை சுகம். அக்கா பாட்டுப் பாடிக்கொண்டே பாண் வெட்டுவார்.

அன்று விடிய, பாலைவனத்தில் அவர்கள் தங்குகிற முகாமில் இருந்துதான் நிதுஷனுக்குப் போன் வந்தது. பிரவீனன் பின்னேரம் தனியாக வாகனம் எடுத்துப் போனவன் திரும்பவில்லை. அங்கே அப்போது நடு இரவு. கடலில் இருந்து பனிப்புகார் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. தேடப் போன வாகனமும் வழி தெரியாமல் திரும்பி வந்துவிட்டது.

முகாம் பொறுப்பாளர் சாதுவான மனிதர். பயப்பட வேண்டாம் என்றார். வாகனம் பழுதாகியிருக்கும். உள்ளே தண்ணீர் இருக்கிறது, போர்வை இருக்கிறது. வழி தவறினால் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். பிரவீனனுக்கு அது தெரியும். விடிந்து புகார் விலகியதும் போய் ஏற்றிவருவோம் என்றார்.

நியாயமான பேச்சு. கேட்டவன் பேசாமல் இருந்திருக்கலாம். தமையன் அல்லவா, எப்படி இருப்பான்?

நூல் ஆலைக்குள் போய்க் கணினியைப் போட்டான். காதுகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. ஒலியைக் கூட்டினான்.

சரக்...

சரக்... சரக்...

யாரோ நடக்கிறார்கள்.

ஒரு காதிலிருந்து அடுத்த காதுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. அவசரமில்லாத நடை. அந்த வெளியில் அந்த நேரத்தில் நடப்பதற்கு வேறு மனிதன் இல்லை. ஆடு மாடு இல்லை, ஒரு புல் இல்லை. அது தம்பிதான் என்று நிதுஷன் முடிவுகட்டினான். தம்பி வாகனத்தை விட்டு இறங்கிவிட்டான்... முகாமுக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறான்... அந்தப் பக்கம் பாலைவனம்தான், ஊர் இல்லை.

ஆனால் அந்த நடை காதுகளைக் கடந்து போனது. தட்டவில்லை. ஒரு காதடியிலும் நிற்கவில்லை.

நிதுஷன் பிறகு என்னிடம் சொன்னான். "அப்பவே யோசிச்சனான் அன்ரி. அவன் தட்டாமப் போகமாட்டான். எண்டாலும் களைச்சிருப்பான், விறைச்சிருப்பான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்."

முகாமுக்குப் போன் அடித்தான். இடத்தைச் சொன்னான். பொறுப்பாளர் மன்னிப்புக் கேட்டார். முகாமின் வாசல் விளக்கே தனக்குத் தெரியவில்லை, இந்தப் புகாரில் வாகனம் எடுத்தால் இன்னும் இரண்டு பேரைத் தொலைப்பேன் என்றார்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சின்னவன் தட்டினவனோ?"

"அங்க இப்ப இரவம்மா. நித்திரை கொள்ளுறான்."

"சாப்பிட்டிட்டுப் படுத்தவனோ?"

"ஓமம்மா."

"சரி ராசா. நீயும் வெறும் வயித்தோட இராதை."

அக்கா பாடிக்கொண்டே பாண் வெட்டினார். அங்கே மூத்தவனின் காதில் சரக்... சரக்... சரக்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. விளக்கு. பச்சை விளக்கு. இங்கேயிருந்து போட்டால், எவ்வளவு புகாரிலும் கிட்ட நிற்கிறவனுக்கு மங்கலாகத் தெரியும். ஒரு காதைக் கண்டால் அதை நோக்கி வருவான், பிறகு அடுத்தது... இப்படியே முகாம் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். புத்திசாலித்தனமான யோசனைதான். யார் குறை சொல்வது?

வாகனம் கடைசியாக எந்தப் பக்கம் போனதென்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். தம்பி வாகனத்தையோ முகாமையோ எட்டட்டும் என்று, அந்தப் பக்கத்துக் காதுகளில் தொடங்கி, முகாம் வரை ஒரு வரிசை விளக்கை ஏற்றினான்.

நடை நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நிதுஷன் ஒலியை இன்னும் கூட்டினான்.

பிறகு நடை திரும்பியது. விளக்குகளை நோக்கி வந்தது. இப்போது கொஞ்சம் வேகமாக. நிதுஷன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். சாரத்தோடு அந்தப் பெரிய கூடத்தில் தனியாக நின்று, "வா... வா... இந்தப் பக்கம்... வாடா" என்று கணினியைப் பார்த்துக் கத்தினானாம். கண்ணால் தண்ணீர் ஓடியதாம்.

அந்த நேரம் வேறொரு காதில், வரிசையின் அந்தத் தலையில், வாகனம் போன பக்கமாக...

தகதிமி... தா.

கதை இந்த இடத்துக்கு வந்தபோது மண்டபத்து வெளிச்சம் டக்கென்று நின்றுவிட்டது. கஜலக்சுமி போட்ட கத்தலில் நான் அரை உயிராகிவிட்டேன். ஒன்றும் இல்லை. ஆள் அசையாவிட்டால் தானாக அணைகிற விளக்கு. அத்தனை பேரும் ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். வாசலுக்கு மேலே ஓடுகிற மனிதன் படம் போட்ட பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. கையை ஆட்டினால் வெளிச்சம் வந்துவிடும். ஒருவரும் ஆட்டவில்லை.

"அப்ப... முதல் நடந்தது ஆர் அக்கா?" என்றான் கோபிசன். குரல் சின்னதாகிவிட்டது.

அதைத்தான் நிதுஷனும் கேட்டான். தட்டியது தம்பி. சந்தேகமே இல்லை, அது அவனுடைய கை. தம்பி இவ்வளவு நேரமும் வாகனத்துக்குள்தான் இருந்திருக்கிறான். படித்த பாடத்தின்படியே, போர்வையைப் போர்த்துக்கொண்டு, விடியட்டும் என்று. விளக்கைக் கண்டுதான் இறங்கியிருக்கிறான். தமையன் கூப்பிடுகிறான் என்று வந்திருக்கிறான். வந்து குந்தி, நான் இங்கே நிற்கிறேன் என்று தட்டியிருக்கிறான்.

அப்போது ஆழக் கணக்கு வந்து திரையில் விழுந்தது.

சரளைக்கு மேலே நடக்கிறவனுக்கு ஆழம் கிடையாது. பிரவீனனின் தட்டு அப்படித்தான் இருந்தது. மற்ற நடை... ஊஸ்டர் தேவாலயக் கோபுரத்தைத் தலைகீழாக இறக்கினாலும் எட்டாத ஆழம். அதுவும் ஒரே ஆழம் இல்லை. ஏறி இறங்கியிருந்தது. நிதுஷன் தாங்கள் கீறி வைத்திருந்த பழைய மலையின் படத்தை எடுத்து அந்தக் கோட்டுக்கு மேல் வைத்தான். அச்சொட்டாகப் பொருந்தியது. மலை ஏறிய இடத்தில் நடை ஏறியிருந்தது. பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தது.

அது மண்ணைத் துளைத்துக்கொண்டு வரவில்லை. சரளை வந்து மூடுவதற்கு முந்தி அந்த நிலம் எப்படி இருந்ததோ, அதன் மேலே நடந்துகொண்டிருந்தது.

நிதுஷன் எல்லா விளக்கையும் நூர்த்தான்.

தகதிமி... தா. ஏன் நூர்த்தாய் என்று கேட்பது போல.

தம்பியை வாகனத்துக்குத் திருப்ப வேண்டும். வாகனத்துக்குக் கிட்ட இருக்கிற காதை மட்டும் ஏற்றினான். மேலே பிரவீனன் திரும்பினான். மெல்லிய, ஓட்டமும் நடையுமான காலடி. கீழே அதுவும் திரும்பியது. அவனுக்கு முந்தி அங்கே போய், அந்தக் காதுக்கு நேர் கீழே நின்றது. நின்று காத்திருந்தது.

அதை நூர்த்து வேறொன்றை ஏற்றினான். அது அங்கே முந்திப் போனது. இன்னொன்று. அங்கேயும் அதுதான் முதல். இவன் எந்த விளக்கைப் போட்டாலும் தம்பி வருவதற்கு முந்தி அது போய் நின்றது. போடாவிட்டால் தம்பி கண் தெரியாத புகாரில், வாகனமும் இல்லாமல், முகாமும் இல்லாமல். உலகத்தின் அடுத்த கரையில் இருந்துகொண்டு கையில் ஒரு சுவிச்சை மட்டும் வைத்திருப்பவன் என்ன செய்வான்? போட்டாலும் குற்றம், நூர்த்தாலும் குற்றம். அந்தப் பிள்ளையின் நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது.

கடைசியில் எல்லாவற்றையும் நூர்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். வேறு என்ன செய்ய?

தம்பி ஒரு காதடியில் குந்தியிருந்து தட்டினான். தகதிமி... தா. கொஞ்சம் பொறுத்து மீண்டும். ஒவ்வொரு தரமும் கை மெலிந்துகொண்டு வந்தது. கீழே நடை வந்தது. அவசரமில்லாமல். அவனுக்கு நேர் கீழே வந்து நின்றது.

தகதிமி...

அது மேலேயிருந்து.

தா.

அது கீழேயிருந்து.

அதோடு எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

புகார் விலகியதும் போய்ப் பார்த்தார்கள். வாகனம் பூட்டியபடி நின்றது. தண்ணீர்க் கலன் நிரம்ப அப்படியே. போர்வை மடித்து இருக்கைக்கு மேலே. பிள்ளை திரும்பி வரலாம் என்றுதான் போயிருக்கிறான். புகாரில் நனைந்த தூசியில் சப்பாத்து அடையாளம் காதிலிருந்து காதுக்கு அலைந்து, ஒரு காதடியில் முடிந்திருந்தது. பக்கத்தில் இரண்டு உள்ளங்கை அடையாளம். அதற்கப்பால் ஒன்றும் இல்லை. குழி இல்லை, வெடிப்பு இல்லை. ஓடு மாதிரிக் காய்ந்த அந்தச் சரளை ஒரு கல்கூடக் கிளம்பாமல் கிடந்தது. இயந்திரம் கொண்டுவந்து தோண்டினார்கள். ஹெலிகொப்டர் வந்தது. செத்த வீடு செய்வதற்கு ஒரு நகம்கூடக் கிடைக்கவில்லை.

ஞானேஸ்வரி அக்கா அழவில்லை. அழுதால் பிள்ளை செத்துவிட்டான் என்று ஆகிவிடுமாம்.

தோண்டுகிற வாகனங்கள் எல்லாம் போய், அந்த வெளி திரும்பவும் அடங்கிய பிறகு காதுகளுக்கு நடை கேட்கத் தொடங்கியது. அதே ஆழம். இப்போது இரண்டு பேர். முன்னால் அந்த அவசரமில்லாத நடை. பின்னால் மெல்லிய நடை ஒன்று. ஒவ்வொரு காதுக்கும் கீழே வரும்போது பின்னால் வருவது நிற்கும். தகதிமி... தா. முன்னால் போவது நிற்பதும் இல்லை, தட்டுவதும் இல்லை.

நிதுஷன் அதைத் தாய்க்குச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேலைக்கு வந்ததும் வழக்கம்போலப் போன் எடுத்து, "சின்னவன் தட்டினவனோ?" என்று கேட்கிற தாயிடம் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பது? ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வைத்தான். தட்டை மட்டும்தான் கேட்க வைத்தான். முன்னால் போகிற நடையை வெட்டிவிட்டுத்தான் போட்டான்.

"என்ர பிள்ளை இருக்கிறான்" என்றார் அக்கா. அன்றைக்குக் குசினியில் திரும்பவும் பாடினார்.

விளக்குப் போட்ட விசயத்தை அவன் தாய்க்குச் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் சொன்னான், முதியோர் இல்லத்து வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து. "நான் அந்த விளக்கைப் போடாட்டி அவன் வாகனத்துக்குள்ளயே இருந்திருப்பான் அன்ரி." முதுகைத் தடவிவிட்டேன்.

கம்பனி அந்த இடத்தைக் கைவிட்டது. காதுகளை எல்லாம் பிடுங்கி, பெட்டியில் அடுக்கி ஊஸ்டருக்கு அனுப்பினார்கள். அக்கா மகனின் காலில் விழாத குறை. "எனக்கு நாலைஞ்சு தா ராசா" என்று கேட்டார். தாய் கேட்டால் எந்தப் பிள்ளை மறுப்பான்? கொண்டுவந்து கொடுத்தான். தான் குடியிருக்கிற கட்டிடத்துக்கு அடியில் இருக்கிற கெல்லரில், சாமான் போடுகிற அறையில், பழைய சீமெந்து நிலத்தில் வைத்தார். இரண்டை வெளியே பூப்பாத்தியில் புதைத்தார்.

விடிய வேலைக்குப் போகுமுன் கீழே இறங்குவார். ஒவ்வொரு காதடியிலும் மூன்று தரம் காலால் மிதிப்பார். அம்மா இங்கே நிற்கிறேன் என்று.

ஊஸ்டரும் சரளைக்கு மேலேதான் இருக்கிறதாம். முந்திப் பனியாறு கொண்டுவந்து கொட்டியதாம். நிதுஷன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மாசி மாதம் நிதுஷனின் கணினியில் முதலாவது தட்டுக் கேட்டது. ஆழம், அங்கே இருந்த அதே ஆழம். பிறகு ஒவ்வொரு கிழமையும் குறைந்துகொண்டு வந்தது. அக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "வாறான்... ஏறி வாறான்" என்றார். ஒருநாள் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பச்சை லைற்றைப் போட்டு விடு ராசா. சின்னவனுக்கு வழி தெரியவேணும்."

நிதுஷன் போட்டான். போடாமல் இருக்கக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முன்னால் ஒன்று வருகிறது என்றும் சொல்ல வேண்டும். அவனால் முடியவில்லை. இப்போது இரவு பகலாக அந்த விளக்கு எரிகிறது. நூர்த்து வைத்தாலும் தாய் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்.

இதுவரை சொன்னது ஞானேஸ்வரி அக்கா வீட்டுக் கதை. நானும் அதே கட்டிடம்தான். உடுப்புத் தோய்க்கிற மெசின்களும் அந்தக் கெல்லரில்தான், அந்த அறைக்கு அடுத்த கதவு. எனக்கு முறை செவ்வாய்க்கிழமை.

போன செவ்வாய் உடுப்புக் கூடையோடு இறங்கினேன். ஈரச் சீமெந்து மணம். அக்காவின் கதவுக்கு அடியில் பச்சை வெளிச்சம். மெசினைத் திறந்து உடுப்பைப் போடுகிறேன்... காலுக்குக் கீழே சரக் என்றது.

சரக்... சரக்...

கிட்டத்தில்தான். அந்தக் கதவு வரை போய் நின்றது.

நானும் நின்றேன். கையில் அழுக்குச் சட்டையோடு, இப்போது தட்டுவான், இப்போது தட்டுவான் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

தட்டவில்லை.